பால் வத்தல, இடைவெளி தான் ஜாஸ்தி ஆயிடுச்சு: வேலைக்குப் போற அம்மாவுக்கு தாய்ப்பால் பத்தி ஒரு எளிய விளக்கம்

"ஆபீஸ் போக ஆரம்பிச்சு ஒரே மாசம் தான்க்கா, பால் அப்படியே வத்திப் போச்சு." இந்த வார்த்தைய நான் எத்தனை பேர் வாயால கேட்டிருக்கேன்னு கணக்கே இல்ல. சொல்லும்போதே குரல் உள்ள போயிடும், ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி. வீட்டுலயும் "உனக்கு பால் பத்தல, அதான் புள்ள ராத்திரி எல்லாம் அழுவுது, பவுடர் பால் குடு"ன்னு ஆளாளுக்கு சொல்லிட்டு போயிடுவாங்க. முக்கால்வாசி பேருக்கு ஒடம்புல ஒரு குறையும் இருக்காது. அம்மாவுக்கும் குழந்தைக்கும் நடுவுல தெனமும் ஒம்பது மணி நேரம் வந்து உக்காந்திருக்கு, அது தான் பால குறைக்குது. இந்த ஒரு விஷயம் மட்டும் பிடிபட்டுட்டா, பீடிங் ரூம் எதுக்கு, கிரெச்சுன்னு சொல்ற குழந்தை காப்பகம் எதுக்கு, குழந்தைய வேலை செய்யற இடத்துக்கே தூக்கிட்டு வர்றது எதுக்குன்னு எல்லாமே தானா புரியும், அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

இறைக்கிற கிணறு தான் ஊறும்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க இல்ல, தாய்ப்பாலுக்கு அது அப்படியே பொருந்தும். மாருல பால் குடத்துல தண்ணி ரொப்பி வச்ச மாதிரி சும்மா இருக்கும், குழந்தை குடிச்சா தீர்ந்துடும்னு நிறைய பேர் நெனைக்கறாங்க. நடக்கறது வேற. குழந்தை வாய வச்சு சப்பும்போது அந்த உணர்வு நரம்பு வழியா மூளைக்கு போகுது, மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பியில இருந்து ரெண்டு ஹார்மோன் வருது. ஒண்ணு ப்ரோலாக்டின், அது பால உண்டாக்கும். இன்னொண்ணு ஆக்ஸிடோசின், அது ஏற்கனவே ஊறி இருக்கற பால வெளிய தள்ளும், பால் இறங்குதுன்னு சொல்றோமே, அது இதோட வேலை தான். ஆக குழந்தை ஒவ்வொரு தடவை குடிக்கறதும் அடுத்த வேளைக்கு சேர்த்து ஆர்டர் குடுக்கற மாதிரி. ஆர்டர் குறைஞ்சா உற்பத்தியும் குறையும். அதோட இன்னொண்ணும் இருக்கு, மாரு ரொம்பி கட்டிக்கிட்டு அப்படியே கிடந்தா, அந்த தேங்கி இருக்கற பாலே "போதும், நிறுத்து"ன்னு சுரப்பிக்கு சிக்னல் குடுக்கும். அதனால காலையில எட்டு மணிக்கு குடுத்துட்டு கிளம்பி சாயங்காலம் ஆறரைக்கு தான் திரும்ப குடுக்கறோம்னா, அந்த பத்தரை மணி நேரமும் நம்ம ஒடம்பு "இந்த குழந்தைக்கு பால் தேவைப்படல போல"ன்னு தான் எடுத்துக்கும். ஒரு நாள் ரெண்டு நாள்ல ஒண்ணும் தெரியாது, மூணு வாரம் நாலு வாரம் தொடர்ந்து போச்சுன்னா கண்டிப்பா தெரியும்.

ஆக்ஸிடோசின் விஷயத்துல இன்னொரு சங்கதி இருக்கு, அத நான் அனுபவிச்சு தான் தெரிஞ்சுக்கிட்டேன். பயம், பதட்டம், அவசரம் இருந்தா அட்ரினலின் ஏறும், அது ஏறுச்சுன்னா ஆக்ஸிடோசின் வேலை செய்யாம அப்படியே நின்னுடும். மாரு கல்லு மாதிரி இருக்கும், ஆனா சொட்டு கூட இறங்காது. என் பெரியவ பொறந்து ஆறு மாசம் முடிஞ்சு நான் திரும்ப வேலைக்கு போனப்ப அந்த ஆபீஸ்ல பீடிங் ரூம்னு ஒண்ணு கிடையாது, அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்கு பின்னாடி பழைய பைல் எல்லாம் அடுக்கி வச்ச ஒரு ரூம், தாப்பாள் சரியா விழாது, நான் கதவுக்கு ஒரு சேர முட்டுக் குடுத்துட்டு அதுலயே உக்காந்து பீச்சுவேன். வெளிய யாராவது நடக்கற சத்தம் கேட்டா போதும், வந்துட்டு இருந்த பால் டக்குன்னு நின்னுடும். இருபது நிமிஷம் உக்காந்து முப்பது மில்லி கூட தேறாது. அதுவே வீட்டுல ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷத்துல நூறு மில்லி வரும். அதே ஒடம்பு, அதே பம்ப், மாறினது தாப்பாள் மட்டும் தான். அதனால தான் சொல்றேன், உள்ள இருந்து பூட்டற மாதிரி ஒரு ரூம் வேணும்னு கேக்கறது சொகுசுக்காக இல்ல, பால் இறங்கறதுக்கே அது தேவை. அப்படிப்பட்ட இடத்துல தான் பீச்சணும்னு இருந்தா குழந்தையோட போட்டோவ போன்ல எடுத்து பாருங்க, முந்தின நாள் போட்ட சட்டை ஒண்ண பையில வச்சு எடுத்துட்டு போய் மோந்து பாருங்க, சின்ன விஷயமா தெரியும் ஆனா பால் இறங்கறதுக்கு நிஜமாவே ஒதவும். டாய்லெட்ல உக்காந்து மட்டும் பீச்சாதீங்க, அது குழந்தை சாப்பிடற சாப்பாடு.

ஒரு விஷயம் யோசிச்சு பாருங்க, நம்ம பாட்டிமாருங்க யாரும் வேலைக்கு போகாதவங்க இல்ல. என் அம்மாச்சி களை எடுக்க போவாங்க, நாத்து நட போவாங்க. வரப்போரத்துல இருக்கற வேப்ப மரத்துல பழைய சேலைய தூளியா கட்டி புள்ளைய போட்டுட்டு போவாங்களாம், கொஞ்சம் பெரிய புள்ள ஒண்ணு தூளிய ஆட்டிக்கிட்டு காவலுக்கு இருக்கும். அழுதா கைய கால கழுவிட்டு வந்து குடுத்துட்டு திரும்ப வயல்ல இறங்கிடுவாங்க. அது ஒண்ணும் சுகமான வாழ்க்கைன்னு நான் சொல்ல வரல, வெயிலும் பூச்சியும் பட்டு தான் புள்ளைங்க வளர்ந்துச்சு. ஆனா பால் வத்திப் போச்சுங்கற பேச்சு அங்க கம்மி, ஏன்னா தாயும் புள்ளையும் கூப்பிடு தூரத்துலயே இருந்தாங்க. தேயிலை தோட்டங்கள்லயும் இதே கதை தான், இலங்கை மலையகத்துல அத பிள்ளைக் காம்பரான்னு சொல்லுவாங்க, கொழுந்து எடுக்க போற அம்மாமாருங்க காலையில புள்ளைய அங்க ஆயாகிட்ட விட்டுட்டு மலை ஏறுவாங்க. நம்ம நாட்டுல 1951ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமும் 50 பெண்களோ அதுக்கு மேலயோ வேலை செய்யற தோட்டத்துல குழந்தை காப்பகம் வைக்கணும்னு சொல்லுச்சு. தோட்டக்காரங்களுக்கு கணக்கு நல்லா தெரியும், கொழுந்து பறிக்க பெண்கள் கை வேணும்னா புள்ளைக்கு ஒரு இடம் வேணும்.

மஹாராஷ்டிராவுல ஒரு கதை சொல்லுவாங்க, எனக்கு அது ரொம்ப பிடிக்கும். சிவாஜி காலத்துல ராய்கட் கோட்டைக்கு பால் விக்க வர்ற ஹிர்கணின்னு ஒரு பெண், அடிவாரத்து கிராமத்துல வீடு, வீட்டுல கைக்குழந்தை. ஒரு நாள் பால் வித்து முடிக்க நேரமாயிடுச்சு, சாயங்காலம் கோட்டை கதவ சாத்திட்டாங்க, காலையில தான் திறப்போம், அது ராஜா உத்தரவுன்னு காவலாளிங்க சொல்லிட்டாங்க. குழந்தை பாலுக்கு அழுமேன்னு நெனச்சு அந்த இருட்டுல யாரும் இறங்க முடியாத செங்குத்தான பாறை வழியா, முள்ளுல கிழிஞ்சு ரத்தம் வழிய வழிய இறங்கி வீட்டுக்கு போயிட்டாளாம். விஷயம் தெரிஞ்ச சிவாஜி அவள கூப்பிட்டு மரியாதை பண்ணி, அவ இறங்கின இடத்துல ஒரு கொத்தளம் கட்டி அவ பேரையே வச்சாராம். இன்னைக்கும் மஹாராஷ்டிராவுல பஸ் ஸ்டாண்ட், ஆபீஸ்னு பால் குடுக்க ஒதுக்கற ரூமுக்கு ஹிர்கணி பேர தான் வைக்கறாங்க. கதவு சாத்தினதுக்கு அப்புறம் குழந்தை இருக்கற இடத்துக்கு எப்படி போறதுங்கற அவளோட தவிப்பு தான் இன்னைக்கு ஷிப்ட்ல நிக்கற ஒவ்வொரு அம்மாவோட தவிப்பும், அவ பாறையில இறங்கினா, நாம பெர்மிஷன் ஸ்லிப் எழுதறோம்.

சரி, சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துடுவோம், ஏன்னா நிறைய பேருக்கு 26 வாரம் லீவு மட்டும் தான் தெரியும், அதுக்கு அப்புறம் இருக்கறது தெரியாது. 1961ல வந்தது மகப்பேறு பயன் சட்டம், 2017ல அத திருத்தினாங்க. ஃபேக்டரிகளுக்கும், 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற கடை, நிறுவனங்களுக்கும் பொருந்தும். பிரசவத்துக்கு முந்தின 12 மாசத்துல 80 நாளாவது வேலை செஞ்சிருந்தா முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு, ரெண்டு குழந்தை ஏற்கனவே இருந்தா 12 வாரம். லீவு முடிஞ்சு திரும்பி வந்ததுக்கு அப்புறம், குழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும், எல்லாருக்கும் குடுக்கற சாப்பாட்டு நேரம் இல்லாம தனியா தினமும் ரெண்டு தடவை பால் குடுக்கறதுக்குன்னு இடைவேளை குடுக்கணும். இது சலுகை கிடையாது, சட்டத்துல எழுதி இருக்கு. 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற எடத்துல கிரெச் இருக்கணும், ஆண் பெண் சேர்த்து தான் அந்த 50, ஒரு நாளைக்கு நாலு தடவை போய் குழந்தைய பாத்துட்டு வரலாம். வேலையோட தன்மை ஒத்து வந்தா லீவுக்கு அப்புறம் வீட்டுல இருந்து வேலை செய்யறத பத்தியும் ரெண்டு பக்கமும் பேசி முடிவு பண்ணிக்கலாம். இன்னும் ஒண்ணு, வேலைக்கு சேர்க்கும்போதே இந்த உரிமை எல்லாம் என்னென்னன்னு எழுத்துல குடுக்கணும்னு 2017 திருத்தத்துல இருந்துச்சு, உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரோட வந்த பேப்பர ஒரு தடவை எடுத்து பாருங்க. 2025 நவம்பர்ல இருந்து இந்த சட்டத்துக்கு பதிலா 2020ல கொண்டு வந்த சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கு, லீவு, பால் குடுக்கற இடைவேளை, கிரெச் எல்லாம் அதுலயும் இருக்கு.

மத்த இடங்கள்ல எப்படின்னா, தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021ல இருந்து 12 மாசம் லீவு, அதனால அவங்களுக்கு முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்ங்கறது பெரிய கஷ்டம் இல்லாம முடிஞ்சிடும். 1948 ஃபேக்டரி சட்டப்படி 30 பெண்களுக்கு மேல இருக்கற ஃபேக்டரியில ஆறு வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்களுக்கு காப்பகம் வேணும்னு இருந்துச்சு. 100 நாள் வேலைக்குன்னு 2005ல வந்த சட்டத்துல ஆறு வயசுக்குள்ள அஞ்சு குழந்தைங்க சைட்டுக்கு வந்தா, அங்க வேலை செய்யற பெண்கள்லயே ஒருத்தர பாத்துக்க போட்டு அவங்களுக்கும் கூலி குடுக்கணும்னு இருந்துச்சு, இது எனக்கு ரொம்ப நியாயமா பட்ட விஷயம், ஏன்னா குழந்தைய பாத்துக்கறதும் வேலைன்னு சொல்லி கூலி போட்ட இடம் அது. ஆனா துணிக்கடையில நிக்கறவங்க, நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கறவங்க, சித்தாள் வேலைக்கு போறவங்க, இவங்களுக்கு தான் எதுவும் போய் சேரல. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல 18,000 ரூபாய் மதிப்புக்கு பணமும் ஊட்டச்சத்து பெட்டகமும் குடுக்கறாங்க, அது பிரசவ நேரத்துக்கு கை குடுக்கும், ஆனா மூணாவது மாசம் வேலைக்கு திரும்ப வேண்டிய அம்மாவுக்கு பக்கத்துல குழந்தைய விட ஒரு இடம் வேணும், அத இன்னும் நாம யாரும் சரியா யோசிக்கல. 1928லயே பம்பாய் சட்டசபையில மகப்பேறு உதவி மசோதாவ ஆதரிச்சு அம்பேத்கர் பேசினாரு, மில்லுல வேலை செய்யற பெண்களுக்காக. கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப் போகுது.

இப்ப நடைமுறைக்கு வருவோம். அந்த ஒம்பது பத்து மணி நேரத்த எப்படி நடுவுல உடைக்கறது, அது தான் கேள்வி. கிரெச் இருந்தா நீங்க குழந்தைகிட்ட போகலாம், வீடு பக்கமா இருந்தா யாராவது மதியம் குழந்தைய உங்ககிட்ட கூட்டிட்டு வரலாம், ரெண்டும் முடியலன்னா பால பீச்சி எடுத்து குழந்தைக்கு அனுப்பலாம், எது பண்ணாலும் ஒடம்புக்கு "ஆர்டர் இன்னும் வந்துட்டு தான் இருக்கு"ன்னு தெரியணும். என் ரெண்டாவது பையனுக்கு என் மாமியார் தினமும் பன்னெண்டே முக்காலுக்கு ஆட்டோல தூக்கிட்டு வருவாங்க, கேட்டுக்கு பக்கத்துல செக்யூரிட்டி ரூமுக்கு பின்னாடி ஒரு சின்ன ரூம் ஒதுக்கி குடுத்திருந்தாங்க, ஒரு பேன், ஒரு சேர், கதவுல ஒழுங்கா ஒரு தாப்பாள், அவ்வளவு தான். காலையில எட்டுக்கு ஒரு தடவை, அங்க ஒண்ணே காலுக்குள்ள ஒரு தடவை, சாயங்காலம் ஆறரைக்கு. பதினொண்ணுக்கும் நாலுக்கும் ரெண்டு தடவை பீச்சிடுவேன். அவன் ரெண்டு வயசு வரைக்கும் குடிச்சான். பெரியவளுக்கு ஒம்பது மாசத்துல நின்னு போச்சு. ரெண்டு பேரையும் பெத்தது ஒரே ஒடம்பு தான், பெரியவளுக்கு குடுக்க முடியலயேன்னு நான் அழுத அழுகைக்கு அப்பவே யாராவது இத சொல்லி இருந்தா நல்லா இருந்திருக்கும்.

பீச்சறதுன்னா மெஷின் பம்ப் தான் வாங்கணும்னு இல்ல, கையாலயே பீச்சலாம், பழகினா கை தான் வசதி. கைய சோப்பு போட்டு கழுவிட்டு, கட்டை விரல காம்ப சுத்தி இருக்கற கருவளையத்தோட ஓரத்துக்கு மேலயும் மத்த விரல அதுக்கு நேர் கீழயும் வச்சு, முதல்ல நெஞ்சு பக்கமா உள்ள அழுத்தி, அப்புறம் விரல் ரெண்டையும் சேர்த்து அமுக்கி விடணும். காம்ப புடிச்சு இழுக்கக்கூடாது, தோல தேய்க்கக்கூடாது, வலிக்குதுன்னா பிடி தப்பா இருக்குன்னு அர்த்தம். ஒரே இடத்துல பண்ணாம விரல சுத்தி சுத்தி மாத்தி வைக்கணும். ஆரம்பத்துல ரெண்டு நிமிஷம் சும்மா சொட்டும், பயந்துடாதீங்க, அப்புறம் தான் பீச்சி அடிக்கும். ஒரு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் இருக்கற குழந்தை ஒரு நாளைக்கு சராசரியா 750 மில்லி குடிக்கும், கொஞ்சம் கூட குறைய இருக்கலாம், அப்படி பாத்தா நீங்க இல்லாத ஒம்பது மணி நேரத்துக்கு 250ல இருந்து 300 மில்லி இருந்தா போதும், இன்ஸ்டாகிராம்ல ப்ரிட்ஜ் ரொம்ப பை பையா அடுக்கி காட்டறத பாத்து மனச கெடுத்துக்காதீங்க.

எடுத்து வச்ச பால் 25 டிகிரி வரைக்கும் உள்ள ரூம்ல நாலு மணி நேரம் தாங்கும், ப்ரிட்ஜ்ல நாலு நாள், ஃப்ரீசர்ல ஆறு மாசத்துக்குள்ள உபயோகிச்சுட்டா நல்லது. நம்ம ஊர் சித்திரை வெயில்ல 25 டிகிரி எங்க இருக்கு, அதனால பீச்சின உடனே ப்ரிட்ஜ்ல வைங்க, ப்ரிட்ஜ் இல்லன்னா ஐஸ் பேக் போட்ட பையில வைங்க, அதுல ஒரு நாள் வரை இருக்கும். 60 மில்லி 100 மில்லின்னு சின்ன சின்ன டப்பாவா பிரிச்சு தேதி எழுதி வச்சா வீணாகாது, ஏன்னா குழந்தை வாய் வச்ச மிச்ச பால ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்கக்கூடாது. ப்ரிட்ஜ்ல இருந்து எடுத்தா மேல ஆடை மாதிரி தனியாவும் கீழ தண்ணி மாதிரி தனியாவும் பிரிஞ்சு இருக்கும், என் நாத்தனார் ஒரு தடவை அத திரிஞ்சு போச்சுன்னு நெனச்சு சிங்க்ல கொட்டிட்டாங்க, ரெண்டு நாள் பீச்சினது, எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அது கொழுப்பு மேல மிதக்கறது, லேசா சுழட்டி விட்டா கலந்துடும். சூடு பண்ண அடுப்புல வைக்கக்கூடாது, மைக்ரோவேவ்லயும் வைக்கக்கூடாது, ஒரு கிண்ணத்துல சுடு தண்ணி ஊத்தி அதுக்குள்ள டப்பாவ வச்சா போதும்.

குடுக்கறதுக்கு நம்ம பாட்டி காலத்து பாலாடை இருக்கே, அத விட நல்ல சாமான் எனக்கு தெரியல. மூக்கு வச்ச சின்ன கிண்ணம், குழந்தைய பாதி உக்கார வச்ச மாதிரி மடியில வச்சு உதட்டுல படற மாதிரி சாச்சா அதுவே நக்கி குடிச்சுக்கும். பாட்டில் நிப்பிள்ல பழகின சில குழந்தைங்க அப்புறம் மாருல சப்ப அடம் பிடிக்கும், பாலாடையில அந்த தொல்லை இல்ல, கழுவறதும் சுலபம். ஆனா ஒண்ணு, நீங்க குடுத்தா குழந்தை வாங்காது, அம்மா வாசனை பக்கத்துல இருக்கும்போது அதுக்கு கிண்ணம் எதுக்கு, அதனால வேலைக்கு போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே பாட்டியோ அப்பாவோ குடுத்து பழக்கணும், நீங்க அந்த நேரம் வேற ரூமுக்கு போயிடுங்க. அப்புறம் வேலைக்கு போக ஆரம்பிச்சதும் நிறைய குழந்தைங்க பகல்ல கொஞ்சமா குடிச்சுட்டு ராத்திரி முழுக்க அம்மாவ விடாது. தூக்கம் போகும், கஷ்டம் தான், ஆனா ராத்திரியில ப்ரோலாக்டின் அதிகமா சுரக்கும், அந்த ராத்திரி பால் தான் பகல் இடைவெளிய ஈடு கட்டுது. பக்கத்துலயே படுக்க போட்டுக்கங்க, மறுநாள் சமையல வேற யாராவது பாத்துக்கட்டும்.

பால் பத்துதா இல்லையான்னு சந்தேகம் வந்தா மாரு சைஸ பாக்காதீங்க, பம்ப்ல எவ்வளவு வருதுன்னும் பாக்காதீங்க, குழந்தை பம்ப விட நல்லா உறிஞ்சும். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்கு போகுதா, எடை ஏறுதா, இது ரெண்டும் தான் கணக்கு. அதே மாதிரி ஆபீஸ்ல பீச்ச நேரம் கிடைக்காம பால் கட்டிக்கிட்டு ஒரு பக்கம் செவந்து வலிச்சா, கூட காய்ச்சலும் குளிரும் வந்தா தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட போங்க, குடுக்கறத மட்டும் நிறுத்திடாதீங்க, தேங்கினா இன்னும் மோசமாகும்.

குழந்தைய ஆபீசுக்கே தூக்கிட்டு வந்து கூடவே வச்சுக்கறத பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. 2017ல ஆஸ்திரேலியா நாடாளுமன்றத்துல லாரிசா வாட்டர்ஸ்னு ஒரு செனட்டர் அவையில உக்காந்தே குழந்தைக்கு பால் குடுத்தாங்க, அதுக்கு முன்னாடி அங்க யாரும் அப்படி குடுத்தது இல்ல. 2018ல நியூஸிலாந்து பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் மூணு மாச குழந்தையோட ஐநா சபைக்கு வந்தாங்க. நம்ம நாட்டுல 2022 டிசம்பர்ல மஹாராஷ்டிரா எம்எல்ஏ சரோஜ் அஹிரே ரெண்டரை மாச குழந்தையோட நாக்பூர் சட்டசபைக்கு வந்தாங்க, 2023ல திருவனந்தபுரம் மேயர் ஆர்யா ராஜேந்திரன் கைக்குழந்தைய மடியில வச்சுக்கிட்டே பைல் பாக்கற போட்டோ வந்துச்சு. அந்த போட்டோவுக்கு பாராட்டும் வந்துச்சு, பொறுப்பில்லன்னு திட்டும் வந்துச்சு. என் அபிப்ராயம் என்னன்னா, அந்த மாதிரி பெரிய பதவியில இருக்கறவங்க செஞ்சு காட்டறது நல்லது தான், ஆனா அவங்களுக்கு சொந்தமா ரூம் இருக்கு, கூட ஆள் இருக்கு, நேரம் அவங்க கையில இருக்கு. சூப்பர்வைசர் கண்ணு முன்னாடி தையல் மெஷின்ல உக்காந்திருக்கற பொண்ணுக்கு இது எதுவும் இல்ல.

அதனால எங்க ஒத்து வரும் எங்க ஒத்து வராதுன்னு நேராவே சொல்லிடறேன். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநில அரசோட சில துறைகள்ல குழந்தைக்கு ஆறு மாசம் ஆகற வரைக்கும் ஆபீசுக்கு கூடவே கூட்டிட்டு வர விட்டிருக்காங்க, அந்த ஆறு மாசம்ங்கறது காரணத்தோட வச்ச கணக்கு, அது வரைக்கும் குழந்தை குடிக்கும், தூங்கும், போட்ட இடத்துல கிடக்கும். தவழ ஆரம்பிச்சா ஒயர புடிச்சு இழுக்கும், ஸ்டேப்ளர் பின் எடுத்து வாயில போடும், அப்ப அம்மாவும் வேலை செய்ய முடியாது. ஆறு வாரத்து தடுப்பூசி போட்டதுக்கு அப்புறம், மேஜை வேலை, சத்தம் இல்லாத இடம், அம்மா மீட்டிங் போனா அஞ்சு நிமிஷம் தூக்கி வச்சுக்க மனசார ஒத்துக்கிட்ட ரெண்டு பேர், இதெல்லாம் இருந்தா தாராளமா முயற்சி பண்ணலாம். சாய ஆலை, மெஷின் ஓடற ஹால், ஆஸ்பத்திரி வார்டு, பஞ்சு தூசி பறக்கற மில்லு, இங்க எல்லாம் குழந்தைய கொண்டு வரவே கூடாது, அங்க பக்கத்துல தனியா ஒரு காப்பகமும் அம்மாவ நேரத்துக்கு வெளிய விடற சூப்பர்வைசரும் தான் வேணும். கிரெச் பேருக்கு இருந்து லைன விட்டு எழுந்தா அன்னைக்கு பீஸ் கணக்கு குறையும்னா, எந்த அம்மா எழுந்து போவா.

2015 ஆகஸ்ட்ல தமிழ்நாடு முழுக்க பஸ் ஸ்டாண்டுகள்ல பால் குடுக்கற ரூம் திறந்தாங்க, ஜெயலலிதா முதல்வரா இருந்தப்ப. அது வந்தப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம், பஸ் மாறி மாறி வேலைக்கு போறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு போறவங்களுக்கு தான் தெரியும். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ஊர்ல குழந்தையோட அந்த ரூம தேடி போனா பூட்டு தொங்குது, சாவி யார்கிட்டன்னு யாருக்கும் தெரியல, கடைசியில ஒரு பூக்கார அம்மா என்ன அவங்க கடைக்கு பின்னாடி உக்கார வச்சு சேலைய விரிச்சு மறைச்சுக்கிட்டாங்க. ரூம் கட்டறதோட சாவிய பாத்துக்க ஒரு ஆளையும் சேர்த்து போடணும், ஆபீஸ் பீடிங் ரூமுக்கும் இதே தான், கொஞ்ச நாள்ல அதுல உடைஞ்ச சேரும் பிரிண்டர் அட்டைப்பெட்டியும் வந்து அடைஞ்சிடும், யாராவது ஒருத்தர் பேர்ல அந்த ரூம எழுதி வைக்க சொல்லுங்க.

ஹெச்ஆர்கிட்ட வாயால பேசிட்டு விட்டுடாதீங்க, லீவு முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே மெயில் போடுங்க. நீளமா எழுத வேணாம், இன்ன தேதி திரும்ப சேர்றேன், குழந்தைக்கு இன்ன தேதியில 15 மாசம் முடியுது, அது வரைக்கும் தினமும் பதினொண்ணுக்கும் நாலுக்கும் பால் குடுக்கற இடைவேளை எடுத்துக்கறேன், உள்ள பூட்டற மாதிரி ஒரு ரூமும் ப்ரிட்ஜ்ல ஒரு தட்டும் வேணும்னு நேரம் போட்டு எழுதுங்க. "முடிஞ்சா பாருங்க"ன்னு எழுதினா முடியலன்னு தான் பதில் வரும். டீம்ல இருக்கற ஆம்பளைங்களுக்கும் வெக்கப்படாம ஒரு வரி சொல்லி வச்சுடுங்க, முக்கால்வாசி பேர் புரிஞ்சுப்பாங்க, அவங்க வீட்டுலயும் இதே பிரச்சனை ஓடிட்டு இருக்கும்.

அப்புறம் சேர்ற நாள உங்க கையில விட்டாங்கன்னா திங்கக்கிழமை சேராதீங்க, வியாழக்கிழமை சேருங்க. ரெண்டு நாள் போயிட்டு வந்தா சனி ஞாயிறு குழந்தை பக்கத்துலயே கிடக்கலாம், அது கேக்கும்போதெல்லாம் குடுக்கலாம், அந்த ரெண்டு நாள்ல குறைஞ்சது திரும்ப ஊறிடும், பீச்சற நேரத்துல எது சரியா வரல, எந்த டப்பா ஒழுகுது, மாத்து சுடிதார் ஒண்ணு பையில வச்சுக்கணுமான்னு எல்லாம் தெரிஞ்சு போயிருக்கும்.